மதிலுக்கு வெளியே நிற்கும் மன்றம்

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள் அவற்றின் அடியில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தூண்களுக்குச் சொந்த ஊர் செஞ்சி. பிரெஞ்சுக்காரர்கள் 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்துப் பதினோரு ஆண்டுகள் கையில் வைத்திருந்தார்கள். கோட்டைக்குள் இருந்த வேலைப்பாடு மிக்க தூண்கள் கடலோர நகரத்துக்கு வண்டியேறியது அந்தக் கைமாற்றத்தின் விளைவு. பெயர்த்தவர்களிடம் பீரங்கி இருந்தது. பார்த்துக்கொண்டு நின்ற ஊராரிடம் என்ன இருந்தது? அது நம்முடையது என்று சொல்லக்கூட அவர்களுக்கு ஓர் இடம் இல்லை.

இன்று இடம் இருக்கிறது. செஞ்சிக்கு ஒரு பேரூராட்சி மன்றம் உண்டு. மக்கள் வாக்களித்து அனுப்பிய வார்டு உறுப்பினர்கள், தலைவர், செயல் அலுவலர், தீர்மானப் புத்தகம் எல்லாம் உண்டு. ஆனால் ஊருக்குப் பேரும் முகமும் தந்த கோட்டையைப் பற்றி அந்த மன்றம் என்ன சொல்லலாம், எதுவரை சொல்லலாம் என்பது மட்டும் தெளிவில்லாமல் கிடக்கிறது. நிர்வாக விஷயம் போலத் தோன்றினாலும் அடிப்படையில் இது ஓர் அறக்கேள்வி. ஒரு பொருளின் அருகில் வாழ்வதனாலேயே அதன் மேல் ஒருவருக்கு உரிமை வந்துவிடுமா? வரும் என்றால், அது எவ்வகை உரிமை?

முதலில் சட்டம் இந்தப் பொறுப்பை எப்படிப் பங்கிட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேசிய முக்கியத்துவம் பெற்ற நினைவுச் சின்னங்கள் ஒன்றிய அரசின் பட்டியலில் வருகின்றன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் சுமார் 13 கிலோமீட்டர் மதிலும் அதற்குள் இருப்பவையும் இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளன. அருங்காட்சியகங்களும் நூலகங்களும் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தர 1992இல் நிறைவேறிய 74ஆம் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளை வரிசைப்படுத்தியது. பண்பாடு, கல்வி, அழகுணர்வு ஆகியவற்றை வளர்ப்பது அவற்றில் ஒன்று. சாலைக்கும் குடிநீருக்கும் குப்பைக்கும் அடுத்து அந்த வரியைப் படிக்கும்போது மனம் சற்று நிமிர்கிறது. குப்பை அள்ளுகிற அதே கைதான் பண்பாட்டையும் பேண வேண்டும் என்று நாட்டின் அடிப்படைச் சட்டமே நினைத்திருக்கிறது. ஆனால் எந்தப் பணியை எந்த அளவில் ஒப்படைப்பது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். குப்பை முழுதாக வந்து சேர்ந்தது. பண்பாடு தாளிலேயே நின்றுவிட்டது.

செஞ்சியில் இதன் பொருள் என்ன? திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலை கோட்டையின் வெளிமதிலை ஊடறுத்துப் போகிறது. விடுமுறை நாளில் வண்டிகள் குவிந்தால் நெரிசல் ஊருக்கு. வந்தவர்கள் விட்டுச்செல்லும் தண்ணீர்ப் புட்டிகளும் சாப்பாட்டுப் பொட்டலங்களும் காற்றில் பறந்து ஊருக்குள் வந்தால் அவற்றை அள்ளுவது ஊரின் தூய்மைப் பணியாளர்கள். நுழைவுச் சீட்டின் பணம் போவது ஒன்றிய அரசின் கருவூலத்துக்கு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்கிறது 2010இல் திருத்தப்பட்ட சட்டம். அந்த எல்லைக்குள் ஓடு உடைந்த வீட்டைப் பழுதுபார்க்கவே அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். விதி நியாயமானது, அது இல்லாவிட்டால் மதிலையொட்டி மாடி மாடியாக எழும்பியிருக்கும். ஆனால் உலகம் முழுவதும் கண்டு மகிழும் ஒன்றுக்காகத் தன் கூரையை நனையவிடுகிறவர், மதிலோரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காரர். 2011 கணக்கெடுப்பில் சுமார் 27 ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர் இது. சுமப்பவருக்குச் சொல்ல ஒரு வாய் வேண்டும் என்பது அறத்தின் பாலபாடம்.

இந்த வாதம் வலுவானது. வலுவாக இருப்பதாலேயே அதை அவசரமாக ஏற்றுக்கொள்ளக் கூடாது.

அருகில் இருப்பவர் எல்லாரும் நல்ல காவலர் அல்லர். பீரங்கிகள் ஓய்ந்த பிறகு நாட்டின் பழங்கோட்டைகள் பலவும் சுற்றுவட்டாரத்துக்குக் கல்குவாரி ஆயின. புதையல் ஆசையில் தரையைத் தோண்டியவர்கள் பாரிஸிலிருந்து வரவில்லை. குளத்தை மேடாக்கி மனை போட்ட கதைகள் தமிழகத்தின் எந்த ஊரிலும் கிடைக்கும். அவற்றில் சிலவற்றுக்கு உள்ளூர் மன்றத்தின் முத்திரையே விழுந்திருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்கும் மன்றத்துக்கு ஐநூறு ஆண்டு பழைய சுவரைவிடப் பத்துக் கடைகள் கொண்ட வணிக வளாகம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது இயல்பு.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரில் நடந்தது இதற்குக் கூரிய சான்று. அந்நகர மன்றத்தின் அருங்காட்சியகத்தில் செக்கெம்கா என்ற எகிப்திய எழுத்தரின் சுண்ணாம்புக்கல் சிலை இருந்தது. நாலாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பிரபுக் குடும்பத்திலிருந்து ஊருக்கு வந்தது. 2014 ஜூலையில் மன்றம் அதை ஏலத்தில் 1 கோடியே 57 லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றுவிட்டது. அருங்காட்சியகத்தை விரிவாக்கத்தான் பணம் என்றார்கள். ஒரு வீட்டைப் பெரிதாக்க அந்த வீட்டின் மூத்தவரை விற்றதுபோல் இருந்தது அது. ஊர்க்காரர்களே எதிர்த்தார்கள், எகிப்து எதிர்த்தது, இங்கிலாந்தின் கலைப் பேரவை அந்த அருங்காட்சியகத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது. சிலை போனது போனதுதான். அங்கே மன்றத்துக்குச் சட்டப்படி உடைமை இருந்தது, மக்கள் தந்த ஆணை இருந்தது. தன்னிடம் இருப்பது தனக்கு மட்டும் உரியதல்ல என்ற கூச்சம் இல்லை.

எனவே செஞ்சிக் கோட்டையைப் பேரூராட்சியிடம் கொடுத்துவிடலாம் என்று சொல்வது ஊர்ப்பற்றாக ஒலிக்கலாம், நீதியாகாது. ஆனந்தக்கோன் எழுப்பினான் என்று மரபு சொல்லும் அந்தக் கோட்டையில் இன்றைய வாக்காளர்களுக்கு மட்டுமல்ல, இனிப் பிறப்பவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் எந்த வார்டிலும் வாக்களிக்க முடியாது. கல்லைச் செப்பனிடச் சுண்ணாம்பையும் கடுக்காயையும் எந்த அளவில் சேர்ப்பது என்பதைக் கை தூக்கி முடிவுசெய்யவும் முடியாது. அந்தக் காவல் வல்லுநர் கையில் இருப்பதே சரி.

ஆனால் காவல் வேறு, காவலரைக் கேட்பது வேறு. இங்கேதான் நம் பொதுவாழ்வில் ஒரு பெரிய குழப்பம் நிலைத்துவிட்டது. ஒன்று, பொருளை முழுதாகக் கையில் கொடு, இல்லையேல் வாயை மூடிக்கொள் என்ற இரண்டே வழிகள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கோயில் நகைகளுக்குக் கணக்குக் கேட்கும் பக்தர் நகையைத் தன் வீட்டுக்குக் கேட்கவில்லை. ஏரியின் மதகு ஏன் திறக்கவில்லை என்று கேட்கும் உழவர் பொதுப்பணித் துறையைத் தனக்கு எழுதித் தரச் சொல்லவில்லை. செஞ்சி மன்றம் கேட்கத் தகுந்தது இந்த அளவுதான்: இந்த ஆண்டு எந்தச் சுவரைச் செப்பனிடுகிறீர்கள், கண்டெடுத்த கல்லும் சிற்பமும் எங்கே இருக்கின்றன, அவற்றின் பட்டியலை நாங்கள் பார்க்கலாமா, சீட்டுப் பணத்தில் ஒரு பங்காவது கழிப்பறைக்கும் குடிநீருக்கும் இங்கே திரும்பி வருமா? இவற்றுக்குப் பதில் சொல்வதால் தொல்லியல் துறையின் அதிகாரம் எள்ளளவும் குறையாது. பதில் சொல்லும் கடமை இல்லாமல் இருப்பதுதான் அதன் அதிகாரத்தின் அறத்தைக் குறைக்கிறது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் கட்டுகிறார்கள். 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம், எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பில் விளைந்தது, இதற்கு வழி வகுத்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகச் சட்டங்களின் முன்னோடி அது. ஊர்ப் பணத்தில் ஊருக்கு நூலகம் என்ற எண்ணத்தின் அழகை எத்தனை முறை வியந்தாலும் தகும். ஆனால் வசூலிப்பது உள்ளாட்சி; நூலகரை அமர்த்துவதும் நூல் வாங்குவதும் மாநிலத்தின் துறை. வசூலித்த வரியை நூலகத்துக்குச் சேர்க்காமல் உள்ளாட்சிகள் நிலுவை வைக்கும் செய்தியும் அடிக்கடி வருகிறது. உறவில்லாத கடமை வெறும் பாக்கியாகத்தான் மாறும். நூலகத்தின் கூரை ஒழுகினால் மன்றத்தில் கேட்கிற பழக்கம் இருந்திருந்தால், வரியைச் சேர்க்கத் தயங்கும் மன்றமும் வெட்கப்பட்டிருக்கும்.

யாழ்ப்பாணம் இதன் இரு பக்கங்களையும் காட்டுகிறது. அங்கே பொது நூலகம் 1930களில் ஒரு தனிமனிதரின் வீட்டு முயற்சியாகத் தொடங்கி, ஊர்மக்கள் கொடையால் வளர்ந்து, உள்ளூராட்சியின் பொறுப்பில் நின்றது. 1981இல் சுமார் 97 ஆயிரம் நூல்களோடு அது எரிக்கப்பட்டபோது, ஏதோ அரசுக் கட்டடம் எரிந்ததாக யாரும் நினைக்கவில்லை. தங்கள் வீட்டில் பிணம் விழுந்ததாகவே உணர்ந்தார்கள். ஊர் தன் கையால் பேணியதால் வந்த வலி அது. அதே நகரில், அந்த நூலகத்தின் அயலிலேயே, இந்தியாவின் கொடையில் எழுந்த பெரும் பண்பாட்டு நிலையம் 2023இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அருங்காட்சியகமும் அரங்கமும் பதினோரு மாடிக் கோபுரமும் கொண்ட அதைப் பராமரிக்க மாநகர சபையின் வருமானம் தாங்குமா என்ற கேள்வி அதோடு சேர்ந்தே எழுந்தது. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, வள்ளுவர் மீது மாறாப் பற்றுள்ளவர்களே யாழ்ப்பாணத்தின் பெயர் எங்கே என்று கேட்டார்கள். பெயரைப் பற்றிய பூசல் என்று அதை ஒதுக்க முடியாது. பணம் இல்லாத மன்றத்தின் கையில் வரும் கொடைக்கு, பெயரைக்கூட வேறு யாரோ வைப்பார்கள்.

செஞ்சிக்கும் பெயரின் வழியாகவே ஒரு சோதனை வந்திருக்கிறது. 2025 ஜூலை 11 அன்று பாரிஸில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலக மரபுச் சின்னம் ஆக்கியது. ‘இந்தியாவின் மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகள்’ என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராட்டிரத்தில், ஒன்று இங்கே. பெருமைதான். சிவாஜி 1677இல் கைப்பற்றிப் பலப்படுத்தியதும், அவர் மகன் ராஜாராம் இங்கிருந்தே ஆண்டு முகலாயரின் நீண்ட முற்றுகையை 1698 வரை தாங்கியதும் பெரிய வரலாறு. ஆனால் அந்த ஆட்சி 21 ஆண்டுகள். அதற்கு முன்னால் கோன்கள், விஜயநகரத்தின் நாயக்கர்கள், பீஜப்பூர்ப் படைகள். பின்னால் முகலாயர், 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மடிந்த இளைஞன் தேசிங்கு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் ஒரே நடையில் கண்ணில் படுகின்றன. கோட்டைக்கு அருகிலேயே திருநாதர் குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் பாறையில் வீற்றிருக்கிறார்கள். ஒரு தொகுப்புக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது, வைத்தார்கள். அந்தத் தலைப்பு நாளை அறிவிப்புப் பலகையாகவும் வழிகாட்டியின் பேச்சாகவும் பள்ளிப் பிள்ளைகளின் குறிப்பேடாகவும் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது யார்? தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் தேசிங்கையும் அவன் தோழன் மோவுத்துக்காரனையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கும் ஊர்தான் அதைச் சொல்லத் தகுந்தது.

இங்கும் ஒரு தடுப்பு வேண்டும். ஊர் என்பது ஒரே குரல் அல்ல. மன்றத்தில் பெரும்பான்மை பெற்றவர்களின் நினைவே ஊரின் நினைவாகிவிட்டால், சிறுபான்மையாக வாழும் சமணரின் குன்றும் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் பலகையிலிருந்து மெல்ல மறையக்கூடும். வரலாறு எது என்று தீர்மானம் போடும் அதிகாரம் எந்த மன்றத்துக்கும் கூடாது. எதுவும் விடுபடக் கூடாது என்று வற்புறுத்தும் உரிமை மட்டும் போதும். சேர்க்கச் சொல்லலாம், நீக்கச் சொல்லக் கூடாது. இந்த ஒரு கோடு தெளிவாக இருந்தால், உள்ளூர் அரசியல் நினைவின் மேல் கை வைப்பதைப் பெருமளவு தடுக்கலாம்.

ராஜகிரி மேல் கமலக்கன்னி அம்மன் இருக்கிறாள். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு ஊரும் சுற்றுக் கிராமங்களும் படியேறுகின்றன. தொல்லியல் துறைக்கு அது ஒரு நாள் கூட்டம். விளக்கெண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் கல்லில் படியும் கவலை. ஏறுகிறவர்களுக்கு அது தாய்வீடு. கோட்டை அவளுக்குச் சுற்றுச்சுவர். இரண்டு கவலையும் உண்மையானவை. எண்ணெயை எங்கே ஊற்றுவது, அடுப்பை எங்கே மூட்டுவது, தண்ணீர்ப்பந்தல் எங்கே வைப்பது என்று படிக்கட்டில் நின்று காவலாளியும் பக்தரும் சண்டையிட்டுத் தீர்க்க வேண்டியதில்லை. இரு தரப்பையும் அறிந்தவர்கள், இரு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள், விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஒரு மேசையில் உட்கார்ந்து பேச வேண்டியது அது. அந்த மேசை மன்றத்தில் இருக்கிறது.

பேரூராட்சிக் கூட்டத்தின் பொருள் நிரலில் தெருவிளக்கு, மோட்டார் பழுது, வடிகால், சந்தை ஏலம் என்று வரிசை போகும். அந்த வரிசையில் கோட்டைக்கும் ஒரு பொருள் எண் ஒதுக்கி, தொல்லியல் துறையின் அலுவலருக்கு அழைப்புக் கடிதம் அனுப்ப எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. முதல் கூட்டத்தில் அவர் வராமல் போகலாம். அடுத்த கூட்டத்துக்கும் கடிதம் அனுப்ப வேண்டும், வராததையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும்.