நாய்க்கடியும் ஓதிப் பார்த்தலும்

 

எங்கள் நெய்வேலியில் சுரங்கத்துக்கு இரவு ஷிப்டு போய் வருகிறவர்களுக்கு நாய்த் தொல்லை புதிதல்ல. சைக்கிளைத் துரத்தி வந்து கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிடும். காலையில் பள்ளிவாசலுக்கு வந்து, "ஹஜ்ரத், கொஞ்சம் தண்ணீர் ஓதிக் கொடுங்கள்" என்பார்கள். "கழுவினீர்களா?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. சுண்ணாம்பு தடவியிருப்பார்கள்; அல்லது மிளகாய்த்தூள் வைத்துக் கட்டியிருப்பார்கள்.

தொழுகையிலிருந்த நாயகம் (ஸல்) அவர்களை ஒரு முறை தேள் கொட்டிவிட்டது. தொழுது முடித்ததும் தண்ணீரும் உப்பும் கொண்டு வரச் செய்து, கொட்டிய இடத்தில் தடவிக்கொண்டே காஃபிரூன், ஃபலக், நாஸ் சூராக்களை ஓதினார்கள் என்று ஹஜ்ரத் அலீ (ரலி) அறிவிப்பதாக இமாம் தப்ரானீ (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். கையில் மருந்து, நாவில் ஓதல். நாமோ ஓதலை மட்டும் எடுத்துக்கொண்டோம். (தேள் விஷம் வேறு, நாய்க்கடி வேறு. இதைப் படித்துவிட்டு யாரும் நாய்க்கடியில் உப்பைத் தேய்க்க வேண்டாம்!)

நாய்க்கடிக்கு வேண்டியது ஓடும் தண்ணீரும் சோப்பும். கடித்த உடனே குழாயடியில் உட்கார்ந்து கால் மணி நேரம் குறையாமல் கழுவ வேண்டும். வெறிநாயின் எச்சிலிலுள்ள கிருமி நரம்பின் வழியே மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அதுவே அல்லாஹ் நமக்குத் தந்த அவகாசம். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

குட்டைத் தண்ணீரில் கழுவலாமா என்று ஒருவர் கேட்டார். ஷாபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்து அளவுள்ள நீர் நிறம், மணம், சுவை மாறாதவரை ஒளுவுக்கு ஆகும். அதனால் காயத்துக்கும் ஆகும் என்று எண்ணக் கூடாது. மழைக்காலத்தில் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவே எலிக்காய்ச்சல் வந்துவிடும். அந்த நீரில் நடந்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் கண்டால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

கழுவியதோடு முடிந்துவிடாது, அன்றே ஊசி போட வேண்டும். ஒரு காலத்தில் தென்னாட்டவர் இதற்காகச் சிம்லா பக்கத்துக் கசௌலி வரை ரயிலேறினார்கள். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. பிறகும் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயந்தவர்கள் உண்டு. பயத்தில் நியாயமும் இருந்தது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்து 2004-ன் இறுதியோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கையில் போடுகிறார்கள்: முதல் நாள், பிறகு அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்கள். ஆழமான கடியென்றால் காயத்திலேயே வேறொரு மருந்தும் செலுத்துவார்கள்.

எங்கள் மக்தபில் ஓதும் பையன் ஒருவன் நாய் கடித்ததை மூன்று நாள் மறைத்துவிட்டான். "நஜீஸ் பட்டுவிட்டது, அத்தா அடிப்பார்" என்ற பயம். நாய் வாய் வைத்த பாத்திரத்தை மண்ணிட்டு ஏழு முறை கழுவும் சட்டம் நம் வீடுகளில் மனப்பாடம். பாத்திரத்தின் மேலுள்ள கவனம் பிள்ளையின் சதை மேல் இல்லையே! திறந்த காயத்தில் மண்ணைப் பூசாதீர்கள். முதலில் உயிர், சட்டத்தை ஆலிமிடம் பிறகு கேட்கலாம்.

தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாகி, தயம்மும் செய்யலாமா என்று கேட்டார். உடனிருந்தவர்கள் கூடாது என்றார்கள். குளித்தார், இறந்தார். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்று அண்ணலார் (ஸல்) கடுமையாகக் கண்டித்தார்கள் (அபூதாவூத்). இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நடுக்கம் வரும். ஓதி ஊதிவிட்டு "வீட்டுக்குப் போ" என்று சொல்லும் ஆலிமும் அந்தக் கண்டனத்துக்குள் வருவாரே!

அந்தப் பையனை நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தாமதமானாலும் போடத்தான் வேண்டும் என்றார் டாக்டர். வரிசையில் நின்றபடி இருவரும் ஃபலக், நாஸ் ஓதினோம். மூன்று ஊசி ஆகிவிட்டது. நாலாவதற்கு அடுத்த வாரம் அவன் அத்தாவே கூட்டிப் போகிறார்.