தட்டில் மிஞ்சுவதும் வயிற்றில் மிஞ்சுவதும்

ஒரு சகோதரி தம் கணவரிடம் சொல்லியனுப்பி நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். "பிள்ளைகள் தட்டில் வைக்கும் மிச்சத்தை வீணாக்க மனம் வராமல் நானே உண்டு தீர்க்கிறேன். இரவில் சட்டியில் மிஞ்சுவதும் என் வயிற்றுக்குத்தான். இப்போது சர்க்கரை கூடியிருக்கிறது, எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சத்தை உண்ணாமல் விட்டால் இஸ்ராஃப் என்னும் வீண்விரயக் குற்றம் என்னைச் சேருமா?"

இது அந்த ஒரு சகோதரியின் கேள்வி அன்று. நம் வீடுகள் அனைத்தின் கேள்வி. நம்மில் பெரும்பாலோர் அளவுக்கு மேல் உண்பது பேராசையால் அல்ல. சோறு வீணாகக் கூடாதே என்கிறோம். பரிமாறுபவர் மனம் நோகக் கூடாதே என்கிறோம். அல்லாஹ் தந்த நிஃமத்தை வேண்டாம் என்று சொல்லலாமா என்கிறோம். இப்படி நல்ல காரணங்களைச் சொல்லிக்கொண்டே அளவை மீறுகிறோம். தவறு நன்மையின் உடை தரித்து வரும்போது அதை அடையாளம் காண்பது கடினம். ஆகவே இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

ஹலாலுக்கும் ஓர் அளவு உண்டு

இறைச்சி ஹலாலா, முறைப்படி அறுக்கப்பட்டதா, வாங்கிய பணம் தூய்மையானதா என்று பார்ப்பதில் நம் மக்கள் பேணுதலாக இருக்கிறார்கள். அது பாராட்டுக்குரியது. ஆனால் 'எதை உண்பது' என்ற வாசலில் இவ்வளவு காவல் வைத்த நாம், 'எவ்வளவு உண்பது' என்ற வாசலைத் திறந்தே போட்டுவிட்டோம். திருமறையின் அல்அஃராஃப் அத்தியாயம் 31-ஆவது வசனம், உண்ணவும் பருகவும் அனுமதி தரும் அதே இடத்திலேயே அளவு மீறுவதையும் தடுக்கிறது. அந்தத் தடை ஹராமான உணவுக்கு மட்டும் என்று எண்ணிவிடலாகாது. உண்ணலாம் என்று அனுமதிக்கப்பட்டதிலேதான் அளவைப் பற்றிய பேச்சு எழுகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய ஒரு ஹதீஸை மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அறிவிக்கிறார்கள். திர்மிதியில் அது பதிவாகியுள்ளது. மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்ட பாத்திரம் வேறில்லை என்பதும், முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதும் என்பதும் அதன் கருத்து. அதற்கு மேலும் உண்டே தீரவேண்டும் என்றால், வயிற்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நாமோ மூச்சின் பங்கையும் சேர்த்து உணவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, விருந்து முடிந்ததும் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விடுகிறோம்!

ஃபிக்ஹு நூல்கள் இதை இன்னும் தெளிவாக வகுக்கின்றன. உயிர் போகாமல் காக்கும் அளவு உண்பது ஃபர்ளு. நின்று தொழவும் நோன்பு நோற்கவும் வலுத்தரும் அளவு நன்மைக்குரியது. வயிறு நிறையும் அளவு ஆகுமானது. அதற்கு மேல் உண்பது ஹராம் என்று ஹனஃபி மத்ஹபின் 'துர்ருல் முக்தார்' படி பிரிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் உலமாக்களும் வயிறு நிறைந்த பின் உண்பதை மக்ரூஹ் என்றும், அது தீங்கு தருமானால் ஹராம் என்றும் எழுதியுள்ளார்கள்.

"அப்படியானால் வயிறார உண்பதே குற்றமா?" என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. அபூஹுரைரா (ரலி) அவர்கள் பசியால் வாடியிருந்த ஒரு நாளில், இனி உள்ளே செல்ல வழியே இல்லை என்று அவர்களே சொல்லும் வரை, நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பப் பால் பருகச் செய்தார்கள் என்பது புகாரியில் உண்டு. பசித்தவன் ஒரு நாள் நிறைவாக உண்பது கருணையின் விருந்து. பசியே அறியாதவன் நாள்தோறும் நிறைப்பது வேறு. முன்னதை ஷரீஅத் தடுக்கவில்லை. பின்னதைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

ஸஃப்புகளில் பெருகும் நாற்காலிகள்

'நின்று தொழ வலுத்தரும் அளவு' என்ற அந்த அளவுகோலை மீண்டும் எண்ணிப் பாருங்கள். உணவின் நன்மையை நம் முன்னோர் நாவைக் கொண்டு அளக்கவில்லை. தொழுகையின் நிலையைக் கொண்டு அளந்தார்கள்.

இன்று பள்ளிவாசல்களில் ஸஃப்புகளின் ஓரத்தில் நாற்காலிகள் பெருகி வருகின்றன. இயலாதவர் அமர்ந்து தொழுவது அல்லாஹ் தந்த சலுகை. முதுமையாலும் விபத்தாலும் நோயாலும் நாற்காலியை நாடுவோரை எவரும் குறை காணலாகாது. ஆனால் ஐம்பதைத் தொடாதவர்கள் சிலரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்து அமர்வதைக் காணும்போது நெஞ்சு கனக்கிறது. நெற்றி தரையில் படும் ஸுஜூதின் இன்பம் அவர்களை விட்டுப் போய்விட்டதே!

பருத்த உடலும் மூட்டுத் தேய்மானமும் கொண்ட முதியவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு நாம் அறிய வேண்டியது. உடலில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று அது கண்டது. ஐந்து கிலோ குறைப்பவர் அடிக்கொரு முறை இருபது கிலோ சுமையை இறக்கி வைக்கிறார்! நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்றும், வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேருக்கு வயிற்றுப் பருமன் உள்ளது என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பெரும் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இடுப்புச் சுற்றளவு நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினாலே எச்சரிக்கை என்பது மருத்துவர்களின் கணக்கு. உடல் நம் சொத்து அன்று, அல்லாஹ்வின் அமானிதம். அந்த அமானிதத்தின் மீது நாமே சுமை ஏற்றுகிறோம் என்றால் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாமே.

பருத்தவரை ஏளனம் செய்யலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இதைப் படித்துவிட்டு எவரும் பருத்த உடலினரைக் கண்டு, "இவர் அதிகம் உண்பவர், ஈமானில் குறைந்தவர்" என்று தீர்ப்பளிக்கப் புறப்பட்டுவிடக் கூடாது. பரம்பரையாலும், தைராய்டு கோளாறாலும், உட்கொள்ளும் சில மருந்துகளாலும் உடல் பருக்கும். பிள்ளை பெற்ற தாயின் உடல் பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகும். ஒல்லியாக இருந்துகொண்டே வயிறு புடைக்க உண்பவரும் உண்டு.

ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் இளமையில் நாயகம் (ஸல்) அவர்களுடன் ஓடி முந்தினார்கள். பின்னாளில் உடல் சதை போட்டபின் மீண்டும் ஓடியபோது நாயகம் (ஸல்) அவர்கள் முந்தினார்கள். முந்தைய ஓட்டத்துக்கு இது ஈடு என்று சிரித்துப் பேசினார்கள். அந்தச் சிரிப்பில் அன்பு இருந்தது, ஏளனம் இல்லை. அதே ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் ஒருமுறை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் குட்டையான தோற்றத்தைச் சுட்டிப் பேசியபோது, அந்த ஒரு சொல்லைக் கடலில் கலந்தால் கடலே கெட்டுவிடும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். மனைவியின் உடலைப் பார்த்து மனம் புண்படப் பேசும் கணவன்மார்களும், மருமகளின் பருமனைப் பந்தியில் வைத்துப் பேசும் மாமியார்களும் இந்த இரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வீண்விரயம் எங்கே நடக்கிறது?

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருவோம். தட்டைத் துடைத்து உண்ணவும், கீழே விழுந்த கவளத்தை எடுத்துத் தூய்மைப்படுத்தி உண்ணவும் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது உண்மை. ஆனால் அந்தக் கட்டளை எந்த வீட்டிலிருந்து பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மதீனா வந்தது முதல் வஃபாத்தாகும் வரை, தொடர்ந்து மூன்று இரவுகள் கோதுமை ரொட்டியை வயிறு நிறைய உண்டறியாத வீடு அது. குறைவாக இடப்பட்ட தட்டைத்தான் அவர்கள் துடைத்து உண்டார்கள். நாமோ கோபுரமாகச் சோற்றைக் குவித்துவிட்டு, துடைத்து உண்ணும் ஸுன்னத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். முதற்பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியைப் பேணினால் ஸுன்னத் முழுமையாகுமா?

தேவைக்கு மேற்பட்ட சோறு குப்பையில் விழுந்தாலும் வீண்தான். தேவையில்லாத வயிற்றில் விழுந்தாலும் வீண்தான். குப்பையில் விழுந்தால் சோறு மட்டும் போகிறது. வயிற்றில் விழுந்தால் சோறும் போகிறது, உடலும் கெடுகிறது, பிறகு மருந்துக்குப் பணமும் போகிறது. ஆகவே வயிறு குப்பைத் தொட்டிக்கு மாற்று அன்று.

அப்படியானால் சோற்றைக் கொட்டிவிடலாம் என்பதா? அல்லவே அல்ல! வீண்விரயம் தட்டு கழுவும் இடத்தில் நடப்பதில்லை. உலை வைக்கும்போதும் கரண்டி பிடிக்கும்போதுமே நடந்துவிடுகிறது. எனவே அதைத் தடுக்க வேண்டிய இடமும் அதுவே. அரிசியை ஆள் பார்த்து அளந்து போடுங்கள். பிள்ளைகளுக்குக் கொஞ்சமாக இட்டு, கேட்டால் மறுபடி இடுங்கள். கை படாமல் சட்டியில் மிஞ்சுவதை மறுநாளுக்கோ, தேவையுள்ள ஒரு வீட்டுக்கோ எடுத்து வையுங்கள். பிள்ளைகள் எச்சில் படுத்தியது வீட்டுக் கோழிக்கும் தெருப் பூனைக்கும் உணவாகட்டும். உயிருள்ள எதற்கு ஊட்டினாலும் நன்மை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். இவ்வளவும் செய்தபின் ஒரு பிடி மிஞ்சி, பசியில்லாததால் அச்சகோதரி அதை உண்ணாமல் விட்டால், இன்ஷா அல்லாஹ் அவர்மீது குற்றமில்லை.

விருந்து கொடுப்போருக்கும் ஒரு சொல். விருந்தாளி கூச்சப்பட்டு எழுந்துவிடாமல் இருக்க, வீட்டுக்காரர் தம் அளவுக்கு மேல் சற்று உண்பதை மேலே சொன்ன அதே 'துர்ருல் முக்தார்' விதிவிலக்காக அனுமதிக்கிறது. எவ்வளவு மென்மையான சட்டம்! ஆனால் நாம் அதைத் தலைகீழாக்கி, வேண்டாம் என்று கையால் தட்டை மறைக்கும் விருந்தாளியின் விரல்களுக்கு மேலேயே பிரியாணியைக் கொட்டுகிறோம். "உங்களுக்குப் போதுமா?" என்று கேட்பது உபசரிப்பு. போதும் என்றபின் திணிப்பது உபசரிப்பு ஆகாது.

ரமலானில் கூடும் எடை

நோன்பு மாதம் முடிந்து எடை பார்த்தால் சிலருக்குக் கூடியிருக்கிறது! பகலெல்லாம் நஃப்ஸைக் கட்டி வைத்தவர்கள், மஃரிப் பாங்கோடு அதை அவிழ்த்து விடுகிறார்கள். கஞ்சி, வடை, சமோசா, சர்பத். தராவீஹுக்குப் பின் புரோட்டா. ஸஹரில் மீண்டும் ஒரு விருந்து. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் வயிற்றின் ஆசையை அடக்குவதற்கென்று தனிப் பகுதியே எழுதினார்கள். பகலில் விட்டதை இரவில் சேர்த்து உண்டால் நோன்பின் நோக்கம் எப்படி நிறைவேறும் என்ற கவலை அவர்களுக்கும் இருந்தது. பேரீச்சம் பழத்தோடும் தண்ணீரோடும் திறந்து, மஃரிபைத் தொழுது வந்து, நிதானமாகச் சிறிது உண்டு பாருங்கள். வயிறு போதும் என்று சொல்லச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை நாம் அதற்குக் கொடுப்பதில்லை.

திங்கள், வியாழன் நோன்புகளும், பிறை 13, 14, 15 நோன்புகளும் ஆண்டு முழுவதும் இந்தப் பயிற்சியைத் தொடர்வதற்கு வழி. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கலந்துகொள்ளாமல் நோன்பில் இறங்க வேண்டாம்.

மெலிவது வணக்கமா?

எடை குறைவது மட்டுமே வணக்கம் ஆகிவிடாது. செயல்கள் எண்ணத்தைக் கொண்டே அமைகின்றன. ஊரார் பார்த்து மெச்ச வேண்டும் என்று மெலிபவருக்கு ஊராரின் மெச்சுதல் கிடைக்கும். தரையில் நெற்றி வைக்க வேண்டும், பிள்ளைகளுக்காக ஓடியாடி உழைக்க வேண்டும், ஹஜ்ஜில் தவாஃபும் ஸஃயும் நடந்தே செய்ய வேண்டும் என்று கவளத்தைக் குறைப்பவருக்கு, குறைத்த கவளம் ஒவ்வொன்றும் வணக்கமாகும் என்று அல்லாஹ்விடம் நம்பிக்கை வைக்கலாம்.

அவசரமும் வேண்டாம். 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களுக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைப்பதும், வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற உழைப்பும் இலக்காக வைக்கப்பட்டன. அவர்களிடையே நோய் வருவது 58 சதவிகிதம் குறைந்தது. எண்பது கிலோ உள்ளவருக்கு ஏழு பங்கு என்பது ஐந்தரைக் கிலோதான். பட்டினி கிடந்து உடலை வதைப்பவர்கள், உடலுக்கும் உன்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு உணர்த்தியதையும், நாயகம் (ஸல்) அவர்கள் அதைச் சரியென்று ஏற்றதையும் நினைவில் கொள்ளட்டும். சோற்றையும் இறைச்சியையும் 'விஷம்' என்று பழிப்பதும் வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி வாங்கிச் செல்வதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், அண்டை வீட்டாருக்காகவும் உறவினருக்காகவும் தம் வயிற்றைச் சுருக்கிக் கொள்ளக் கூடாதா என்ற கருத்தில் கேட்டதாக 'முவத்தா'வில் வருகிறது. நம் தட்டில் குறைந்த கவளம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதே இறுதிக் கேள்வி. இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். அந்த மூன்றாமவர் நம் தெருவிலேயே இருக்கிறார். நாம் குறைத்தது அவரைச் சேரும்போது நம் உடலும் இலேசாகிறது. மறுமையின் கணக்கும் இலேசாகிறது.

அந்தச் சகோதரிக்கு நாம் சொல்லியனுப்பிய பதில் சுருக்கமானது: "தாயே, வீணாகுமே என்று அஞ்சும் உங்கள் உள்ளம் நல்ல உள்ளம். அந்த அச்சத்தைத் தட்டிலிருந்து எடுத்து உலையில் வையுங்கள். உங்கள் உடலையும் அல்லாஹ்வின் நிஃமத்துகளில் ஒன்றாக எண்ணி, அதையும் வீணாக்காதீர்கள்."

அளவோடு உண்டு, நிமிர்ந்து நின்று வணங்கி, பசித்தோரை மறவாமல் வாழும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.