வாப்பா கேட்ட கேள்வி

பிள்ளைக்குத் தெரியாமல் பிள்ளையின் கைப்பேசியைத் திறந்து பார்க்கலாமா? பெரும்பாலான வாப்பாமார்களின் பதில், "நான் வாங்கிக் கொடுத்த போன்தானே!" இந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பழைய தலைமுறைக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. லயத்தில் ஒரு வீட்டில் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பையன் எங்கே சுற்றுகிறான் என்பதைக் கடைக்காரரோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்லிவிடுவார்கள். ஒன்றிரண்டு முஸ்லிம் குடும்பங்களே இருந்த தோட்டமென்றால் அந்தப் பையன்மேல் கண் இன்னும் கூடுதல். வாப்பா தனியாக உளவு பார்க்க வேண்டியதில்லை, தோட்டமே பார்த்தது. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சனம் தாமான் வீடுகளுக்குப் போனது. இப்போது மிச்சம் வாப்பா ஒருவர், பையன் கையில் ஒரு திரை. அவர் பதறுவது நியாயம்தான்.

ஆனால் குர்ஆனின் 24வது அத்தியாயம் என்ன சொல்கிறது? சிறு பிள்ளைகள்கூட ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் என மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் பெரியவர்களிடம் வர வேண்டும். பருவமடைந்துவிட்டால் எப்போதும் கேட்க வேண்டும். (லயத்து வீட்டில் இதை எப்படிக் கடைப்பிடித்தார்களோ!) 49வது அத்தியாயம் துருவி ஆராய்வதையே தடுக்கிறது. பெற்றோரின் தனிமையை மதிக்கச் சொல்லித்தரும் மார்க்கம், பிள்ளைக்கு அதை மறுக்குமா?

"ஒவ்வொருவரும் மேய்ப்பர்னு ஹதீஸ் இருக்கே?" இருக்கு. முன்பின் தெரியாத ஆள் பிள்ளையிடம் படம் கேட்கிறான் என்றால் போனை வாங்கிப் பார்ப்பது கடமை. சொல்லிவிட்டுப் பார்க்கணும். தூங்கும் பிள்ளையின் விரலை எடுத்து வைத்துத் திறப்பது மேய்ப்பு இல்லை.

16 வயதுக்குக் குறைந்தவர்கள் 2026 முதல் சமூக ஊடகக் கணக்குத் திறக்க முடியாது என்று 2025 நவம்பரில் அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அறிவித்தார். பருவமடைந்த 14 வயதுப் பையனுக்கோ தொழுகையும் நோன்பும் கடமை, இறைவனிடம் தன் செயலுக்குத் தானே பதில் சொல்ல வேண்டியவன். சட்டம் அவனைக் குழந்தை என்கிறது, மார்க்கம் பொறுப்பாளி என்கிறது. வீட்டில் அவனோடு யாரும் எதுவும் பேசுவதில்லை.

பலியிடும் கனவு கண்ட இப்ராஹீம் நபி, அதை மகனிடமே சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்டதாக 37வது அத்தியாயத்தில் வருகிறது. ஹஜ்ஜுப் பெருநாள்தோறும் கேட்கிற சரித்திரம். மகன் சொன்ன பதிலை எல்லோரும் விளக்குவார்கள். வாப்பா கேட்டாரே, அந்த இடத்தில் நின்று பேசிய குத்பாவை நான் இன்னும் கேட்டதில்லை.