கணப்பின் மேல் ஒரு பீடம்

குளிர்நாட்டு வீடுகளில் கணப்புக்கு மேலே, சுவரோடு பதித்த நீளமான ஒரு பலகையோ கல்லோ இருக்கும். மேன்டல்பீஸ் என்பார்கள். நடுவில் கடிகாரம், இரு பக்கமும் மெழுகுவர்த்தித் தண்டுகளோ பீங்கான் நாய்களோ, இடையிடையே சட்டமிட்ட படங்கள், டிசம்பர் வந்தால் பசுந்தழைத் தோரணம். இதை எப்படி அழகுபடுத்துவது என்பது வீட்டு அலங்காரப் பத்திரிகைகளுக்கு அலுக்காத விஷயம். அலங்காரம் என்று மட்டும் பார்த்தால் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. மதம் எதுவும் தனக்கில்லை என்று சொல்லும் குடும்பம்கூட, அன்றாடம் கைக்கு உதவாத பொருள்களை அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் இவ்வளவு ஒழுங்கோடு வைத்து, துடைத்து, காக்கிறது? அது ஒரு பீடம், அங்கே நடப்பது ஒருவகை வழிபாடு என்பது என் வாதம். எதையாவது வேண்டிக்கொள்வதே வழிபாடு என்று பழகிவிட்டோம். அதனால்தான் இது நம் கண்ணில் படுவதில்லை.

நெருப்பிருக்கும் இடத்தைத் தெய்வத்தின் இடமாகக் கருதியது ஐரோப்பாவில் மிகப் பழைய வழக்கம். கிரேக்க வீட்டில் பிறந்த குழந்தையை அடுப்பைச் சுற்றித் தூக்கிச் சென்ற பிறகுதான் அது அந்தக் குடும்பத்தின் பிள்ளை. ரோமானியர் லாரெஸ், பெனாட்டெஸ் என்ற வீட்டுத் தெய்வங்களை வணங்கினார்கள். பாம்பேயில் அகழ்ந்தெடுத்த வீடுகளில் சமையலறைச் சுவரிலேயே அவற்றுக்கு மாடமும் ஓவியமும் இருக்கின்றன. கி.பி. 392இல் பேரரசர் தியோடோசியஸின் பெயரில் வந்த ஒரு சட்டம் இந்த வீட்டு வழிபாட்டைத் தனியாகப் பெயர்சொல்லித் தடுத்தது. லாரெஸுக்கு நெருப்போ பெனாட்டெஸுக்கு நறும்புகையோ காட்டக் கூடாது. மீறித் தூபம் போட்டால், போட்ட வீடே பறிமுதல். கோயில்களை மூடினால் போதும் என்று அந்த அரசு நினைக்கவில்லை. சமையலறை மாடத்தையும் அஞ்சியது என்றால், அங்கே இருந்தது வெறும் பழக்கம் அல்ல என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஹெராக்ளிடஸைப் பற்றி அரிஸ்டாட்டில் சொல்லும் ஒரு செய்தியும் இங்கே பொருந்தும். தத்துவ ஞானியைக் காண வந்தவர்கள், அவர் அடுப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே தயங்கினார்களாம். தயங்காமல் உள்ளே வரலாம், இங்கும் தெய்வங்கள் உண்டு என்று அவர் அழைத்தாராம்.

இங்கிலாந்தில் சாதாரண வீடுகளுக்குப் புகைபோக்கி பரவலாக வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். தம் காலத்தில் புகைபோக்கிகள் பெருகிவிட்டதை வில்லியம் ஹாரிசன் 1577இல் எழுதிவைத்தார். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் தேவாலயங்களிலிருந்து சிலைகளையும் விளக்குகளையும் அகற்றியதும் அதே நூற்றாண்டில். அந்தக் காலத்து வீடுகளில் கணப்பின் மேல்விட்டத்தை உற்றுப் பார்த்தால் கவராயத்தால் கீறிய பூவடிவ வட்டங்களும், மெழுகுவர்த்திச் சுடரால் வேண்டுமென்றே சுட்ட கண்ணீர்த்துளி வடிவத் தழும்புகளும் தெரியும். புகைபோக்கிக்குள் பழைய காலணியை ஒளித்துவைக்கும் வழக்கமும் இருந்தது. கதவைத் தாழிடலாம், சன்னலை அடைக்கலாம், புகைபோக்கியை அடைக்க முடியாது. அந்த வழியே தீயது இறங்கிவிடும் என்ற அச்சத்துக்கான காப்புகள் இவை. ஆக, அந்த விட்டத்தில் ஒரு காலத்தில் வேண்டுதல் இருந்தது உண்மை. பின்னால் அச்சம் குறைந்தது, வேண்டுதல் நின்றது. ஆனால் இடத்தின் மதிப்பு குறையவில்லை. கேட்பதற்கென்று இருந்த இடம் காப்பதற்கான இடமாக மாறியது.

இதற்கு மிக வலுவான சான்று முதல் உலகப் போர். போரில் இறந்தவர்களின் உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டன் 1915இல் முடிவெடுத்தது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. போர் முடிந்த பிறகு நெருங்கிய உறவினர்களுக்கு வெண்கல நினைவுத் தகடு ஒன்று அனுப்பப்பட்டது. 13 லட்சத்துக்கும் மேல் வார்த்தார்கள். லிவர்பூல் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன் வடிவமைத்தது. சுமார் 12 சென்டிமீட்டர் விட்டம். பிரிட்டானியா, ஒரு சிங்கம், இரண்டு டால்பின்கள். ஓரமாக ஒரு சிறு கட்டத்துக்குள் இறந்தவரின் பெயர் புடைப்பெழுத்தில். பதவி குறிக்கவில்லை, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே தகடு. பென்னி நாணயம் போலிருந்ததால் இறந்தவனின் பென்னி என்றே ஊரில் பெயர். எத்தனையோ வீடுகளில் அது கணப்பின் மேல், அவனுடைய படத்தின் பக்கத்தில் அமர்ந்தது. மகனை இழந்த தாய் அதனிடம் எதையும் கேட்கவில்லை, கேட்டுப் பெறவும் எதுவுமில்லை. பட்ட கடனை மறக்கமாட்டேன் என்பதை நாள்தோறும் செய்துகாட்ட அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதை வழிபாடு என்று சொல்லாவிட்டால் அந்தச் சொல்லை வேறு எதற்கு வைத்திருக்கிறோம்?

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் இருந்தால் இதைத்தான் முதலில் மறுப்பார். மனித மனம் ஓயாமல் விக்கிரகங்களை உற்பத்தி செய்யும் பட்டறை என்பது அவர் கருத்து. தேவாலயத்திலிருந்து விரட்டியதை வீட்டுக் கணப்பில் குடிவைத்துவிட்டார்கள் என்பார். அவருடைய கவலை நியாயமானது. பொருளுக்குச் சக்தி உண்டு என்று நம்பி அதற்கு அடிமையாகும் மனம் இருக்கவே செய்கிறது, பூவடிவக் கீறல்கள் அதன் அடையாளம். ஆனால் விக்கிரகம் என்று அவர் கண்டித்தது கடவுளுக்கு உரியதைப் பெற்றுக்கொள்ளும் பொருளை. நினைவுத் தகடு யாருக்கு உரியதையும் எடுத்துக்கொள்வதில்லை. இல்லாத ஒருவரின் இடத்தைக் காலியாக விடாமல் பார்த்துக்கொள்கிறது.

இன்னொரு மறுப்பு, பகட்டு நுகர்வைப் பற்றி எழுதிய பொருளியலாளர் தார்ஸ்டீன் வெப்லனின் வழியில் வருவது. இதெல்லாம் விருந்தாளிக்குக் காட்டும் பகட்டுத்தானே? பெரிய மாளிகைகளின் பளிங்குக் கணப்புகளுக்கு இது பொருந்தலாம். ஆனால் பிரிட்டனில் மாஸ் அப்சர்வேஷன் என்ற ஆய்வமைப்பு 1937இல் தொடங்கியபோது, தன் தன்னார்வலர்களிடம் கேட்ட முதல் வேலைகளில் ஒன்று, வீட்டு மேன்டல்பீஸில் உள்ளதை இடமிருந்து வலமாக எழுதி அனுப்புங்கள் என்பது. வந்த பட்டியல்களில் கடிகாரத்துக்கும் பூச்சாடிக்கும் நடுவே தீப்பெட்டியும் கடிதங்களும் இருந்தன. யாருக்கும் காட்டப் பெருமையில்லாத பொருள்கள் இவை. கையெட்டும் தூரத்தில், கண்மட்டத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக அங்கே வந்தவை.

நெருப்பே போய்விட்டதே என்பதுதான் கடினமான கேள்வி. லண்டனில் 1952 டிசம்பரில் படிந்த நச்சுப்புகைக்குப் பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, நிலக்கரிக் கணப்புகள் ஓய்ந்தன. பலர் அடுப்புவாயைப் பலகையடித்து மூடினார்கள், மேல்பலகையை மட்டும் விட்டுவைத்தார்கள். இன்று புகைபோக்கியே இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் மின்சுடர் எரியும் மேன்டலை வாங்கிப் பொருத்துகிறார்கள். இது போலி என்று எனக்குத் தோன்றவில்லை. பீடத்துக்கு வேண்டியது வெப்பமல்ல என்பதற்கு அது அத்தாட்சி. என் வருத்தம் வேறு. கடையில் ஒரே தொகுப்பாக விற்கும் குவளையையும் மணிமாலையையும் பருவத்துக்குப் பருவம் வாங்கி அடுக்கினால், அதில் யாருக்கும் பட்ட கடன் இல்லை. மாற்றுவதில் குற்றமில்லை, கிறிஸ்துமஸ் தோரணமும் ஆண்டுதோறும் மாறுவதுதான். அது ஒரு பிறப்பை நினைத்துக் கட்டப்படுகிறது, தொகுப்பு யாரையும் நினைத்துக் கட்டப்படவில்லை.

குடும்பம் அழிந்த பிறகு அந்த வெண்கலத் தகடுகள் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடுகின்றனவே, நினைவு போனதும் புனிதமும் போயிற்றா என்று கேட்கலாம். பெரும்பாலும் போய்விடுகிறது, ஒரு குடும்பத்தின் பீடம் கோயிலைப் போல ஊர் முழுவதையும் நம்பி நிற்பதில்லை. ஆனால் அந்தத் தகடுகளை வாங்கும் சேகரிப்பாளர்களில் பலர், கட்டத்துக்குள் இருக்கும் பெயரை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் தேடுகிறார்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த நாள், எந்த வயல்வெளி என்று கண்டுபிடிக்கிறார்கள். ரத்த உறவு எதுவுமில்லாத ஒருவர், யாரும் சுமத்தாத ஒரு கடனைத் தானாக ஏற்றுக்கொள்கிறார்.