சார்ந்திருப்பவன் அடிமையா?

திருக்குறளின் பொருட்பாலில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 95ஆம் அதிகாரம் மருந்து. இரண்டுக்கும் இடையில் சூது மட்டுமே நிற்கின்றது. ஹெரோயினை நாளும் நாடும் ஓர் இளைஞனை இவ்விரண்டினுள் எதன்கீழ் வைத்து நோக்குவது? முன்னதில் வைப்பின் அவன் கடியப்பட வேண்டியவன். பின்னதில் வைப்பின் பராமரிக்கப்பட வேண்டியவன். நம் பேச்சு வழக்கு இவ்வினாவுக்கு முன்னரே விடை கூறிவிட்டது. 'போதைக்கு அடிமையானவன்' என்கின்றோம். அடிமை என்னும் சொல் நோயாளியைச் சுட்டுவதன்று. (இறைவனுக்கு அடிமை பூணுதலை விடுதலையின் உச்சமாகப் பாடிய மொழியும் இதுவே என்பது வேறு கதை.)

இவ்வினாவுக்குத் தம் மருத்துவப் பணியினூடாக விடை தேடியவர்களுள் ஒருவர் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஃபியெலின். அவர் உளமருத்துவர் அல்லர். நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று வருவோரைப் பார்க்கும் பொது மருத்துவத்துறையினர். அவரது முயற்சியின் பெறுமதியை உணர ஐக்கிய அமெரிக்காவின் சட்ட வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். அபின் வகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கு 1914இல் இயற்றப்பட்டது. பழக்கத்திற்கு உட்பட்டவருக்கு அப்பழக்கம் தொடருமாறு மருந்தெழுதிக் கொடுத்தல் வைத்தியமே ஆகாது என 1919இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்த்தது. இந்நோயாளரைப் பொது வைத்தியர் கைவிட நேர்ந்தது இவ்வாறே. 1965இல் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகிய இருவரும் 22 நோயாளருக்கு மெதடோன் அளித்துப் பெற்ற பயனை வெளியிட்டனர். மருந்து ஏற்கப்பட்டது, ஆயினும் அதற்கெனத் தனி நிலையங்கள் அமைத்து, நோயாளரை நாள்தோறும் வரிசையில் நிற்கவைத்தனர். மருந்து கிடைத்தது, மதிப்புக் கிடைக்கவில்லை.

அவ்வரிசையில் நிற்பவரை ஏனைய நோயாளர் அமரும் வாங்கிலேயே அமரவைத்தால் என்ன? ஃபியெலினும் அவரது குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. மெதடோனால் ஏற்கனவே நிலைபெற்றிருந்த 46 பேருள் ஒரு பகுதியினர் பொது வைத்தியரிடம் மாற்றப்பட்டனர். தனி நிலையத்தில் தொடர்ந்தோரிலும் அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு பின்தங்கவில்லை. இதற்கிடையில், 2000ஆம் ஆண்டுச் சட்டமும் 2002இல் புப்ரெனோர்பின் என்ற மாத்திரைக்குக் கிடைத்த அங்கீகாரமும் பொது வைத்தியருக்குக் கதவைத் திறந்தன. 166 பேரைக் கொண்ட 2006ஆம் ஆண்டு ஆய்வில், அம்மாத்திரையுடன் தாதியர் வாரமொருமுறை ஏறத்தாழ 20 நிமிடம் அளித்த எளிய ஆலோசனையே, 45 நிமிட விரிந்த ஆலோசனைக்கு ஒப்பான பயனைத் தந்தது. (நம் கிளினிக்குகளில் அந்த 20 நிமிடமே கனவு என்பதை ஒப்புக்கொண்டே மேற்செல்வோம்.) மருந்தெழுதத் தனி அனுமதி பெறவேண்டும் என்ற விதி அந்நாட்டில் நீக்கப்பட்டது 2022இன் இறுதியிலேயே.

இனி, எவரும் எழுப்பும் தடை ஒன்றுண்டு. புப்ரெனோர்பினும் அபின் வகையைச் சேர்ந்ததே. ஒரு போதையை விடுத்து மற்றொன்றைப் பற்றுவது விடுதலையாகுமா? அம்மருந்து மூளையில் ஹெரோயின் பற்றும் இடத்தையே இறுகப் பற்றிக்கொள்கின்றது. ஆயின் அவ்விடத்தை அரைகுறையாகவே தூண்டுகின்றது. ஆதலின் தவிப்பு அடங்குகின்றது. பழகிய உடலில் மயக்கம் மேலோங்குவதில்லை. நீரிழிவு நோயாளியின் இன்சுலினை இதற்கு ஒப்பிடுதல் மருத்துவர் வழக்கம். அவ்வொப்புமை எனக்கு முழு நிறைவு தரவில்லை. இன்சுலினைக் களவாக விற்று எவரும் போதை தேடுவதில்லை. இம்மாத்திரையோ அவ்வாறு விற்கப்படுவதும் உண்டு.

எனவே வேறோர் அளவுகோல் தேவைப்படுகின்றது. ஹெரோயினில் உழல்பவனுக்குச் சில மணி நேரத்திற்கொருமுறை உடல் நோகின்றது; வியர்க்கின்றது; வயிறு கலங்குகின்றது. அவனது காலை பணந்தேடுவதில் தொடங்குகின்றது. நாளை வேலைக்கு வருவேன் என்று மேசனிடம் அவனால் வாக்குக் கொடுக்க இயலாது. கொடுப்பினும் காக்க இயலாது. நாவின்கீழ் மாத்திரை வைப்பவனுக்கோ சார்பு காலையிற் சில நிமிடங்களோடு முடிகின்றது. எஞ்சிய நாள் அவனுடையது. இருவரும் சார்ந்திருப்பவரே. ஆனால் ஒருவனது சார்பு அவன் சொல்லைப் பறிக்கின்றது. மற்றவனது சார்பு அதனைத் திருப்பித் தருகின்றது. விடுதலையை எதனையும் சாராமை என்று வரையறுத்தால் மூக்குக்கண்ணாடி அணிந்த நானும் விடுதலை பெற்றவனல்லன்.

மருந்தை விரைவில் நிறுத்துவதே அறம் என்போருக்கு 2014இல் அதே குழுவினர் வெளியிட்ட ஆய்வு விடையிறுக்கின்றது. 14 வாரங்களில், மாத்திரை படிப்படியாகக் குறைக்கப்பட்ட 57 பேரில் 6 பேரே இறுதிவரை நின்றனர்; தொடர்ந்து பெற்ற 56 பேரில் 37 பேர் நின்றனர். நம் கொள்கைத் தூய்மைக்கு விலை கொடுப்பவர் நாமல்லர் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இலங்கையின் வழி வேறாக இருந்துவந்துள்ளது. 1984ஆம் ஆண்டு முதல் அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுக்கெனத் தேசிய சபை உண்டு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்ற உத்தரவின்பேரிற் கட்டாயச் சிகிச்சைக்கு இடமளித்தது. பொலன்னறுவையின் கந்தக்காடு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததையடுத்துக் கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். தடுத்துவைத்தலில் மற்றுமோர் ஆபத்தும் உண்டு. மாதக்கணக்கில் ஹெரோயினின்றி இருந்த உடல் தாங்குந்திறனை இழக்கின்றது. வெளிவந்தவன் பழைய அளவையே எடுப்பின் மூச்சு நின்றுபோகலாம்.

பளையை எண்ணிப் பார்க்கின்றேன். ஆனையிறவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே, ஏ9 வீதியில், தென்னையும் பனையும் சூழ்ந்த சிற்றூர்; போருக்குப் பின் மீளக்குடியேறிய மக்கள். எவர் வீட்டில் எவருக்கு என்ன நோய் என்பது இத்தகைய ஊரில் மறைவதில்லை. இங்கே போதைக்கெனத் தனி நிலையம் ஒன்று திறப்பின் அதன் வாசலில் ஏறுபவன் அன்றே பெயர் கெடுவான். தாய்தந்தையர் தங்கைக்கு வரும் சம்பந்தத்தை எண்ணி அவனைப் போகவிடார். பொதுக் கிளினிக் வாங்கிலோ, கொப்பியுடன் காத்திருக்கும் பிரஷர்க்காரர் நடுவே, அவன் எதற்கு வந்தான் என்பதை வைத்தியரும் தாதியும் மட்டுமே அறிவர். அறக்கொள்கை எதுவும் அளிக்கமுடியாத மறைப்பை ஒரு மரவாங்கு அளிக்கின்றது. மெதடோனையும் புப்ரெனோர்பினையும் உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்துவிட்டது. எனவே கேட்கப்படுவது அரிய மருந்தன்று.

மருந்தெடுத்தும் மீண்டும் ஹெரோயினைத் தொட்டுவிட்டு வருபவனை என் செய்வது என்ற கேள்வி எஞ்சுகின்றது. கலியாண வீட்டில் பலகாரம் உண்டுவிட்டுச் சீனி ஏறிய நிலையில் வரும் முதியவரைக் கிளினிக்கில் ஏசுவார்கள். பிறகு இரத்தம் பார்த்து, மருந்தைச் சரிசெய்து, கொப்பியில் அடுத்த திகதியை எழுதி அனுப்புவார்கள். அவனுக்கும் ஏச்சு ஓரளவு இருக்கட்டும். அந்தத் திகதியும் எழுதப்பட வேண்டும்.