பிள்ளைகளுக்கு மறைக்கலாமா?



மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கலியாணப் பேச்சு எழுந்தால் குடியை விசாரிப்பது பழைய வழக்கம். குடி தாய்வழியில் வருவது. அதை எவரும் மறைப்பதில்லை. ஆனால் தகப்பனுக்குப் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டால் பல வீடுகளில் வாய் திறப்பாரில்லை. சலத்தோடு சம்பந்தப்பட்ட வருத்தம் என்ற வெட்கம் ஒன்று. குமர்ப்பிள்ளைகளின் கலியாணம் தடைப்படுமோ என்ற அச்சம் மற்றொன்று. இப்படி மறைப்பது முறையா?

முதலில் நோயின் தன்மையை அறிவோம். புரொஸ்டேட், சலப்பைக்குக் கீழேயுள்ள சிறு சுரப்பி. அதன் கலங்களிலுள்ள பரம்பரையலகுகளில் மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது, கலங்கள் கட்டுப்பாடிழந்து பெருகுகின்றன. இம்மாற்றங்களிற் பெரும்பாலானவை வயது ஏற ஏற அச்சுரப்பியிலேயே தோன்றுபவை. அவை பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. சிலருக்கோ குறை பிறப்பிலேயே இருக்கும். 1995இல் இனங்காணப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 2 என்பது கலத்தின் சேதத்தைத் திருத்த உதவும் பரம்பரையலகு. அது பழுதுற்றிருந்தால் ஆணுக்குப் புரொஸ்டேட் புற்றுநோயும், பெண்ணுக்கு மார்பு, சூலகப் புற்றுநோய்களும் வரும் அபாயம் கூடுகிறது.

இக்குறை குடியைப்போலத் தாய்வழி மட்டும் பார்ப்பதில்லை. தகப்பனிடமிருந்தும் வரும், தாயிடமிருந்தும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மகள் அதைப் பெற்று, தான் நோயுறாமலே தன் மகனுக்குக் கொடுக்கவுங்கூடும்.

ஆகவே தகப்பனின் நோய் அவருடையது மட்டுமன்று. ஊருக்கு அறிவிக்கும் கடன் அவருக்கில்லை. சகோதரருக்கும் பிள்ளைகளுக்கும்? தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் கண்டிருந்தால் ஓர் ஆணுக்குள்ள அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. பெரும்பாலும் ஆரம்பத்தில் நோவு காட்டாத இந்நோயை நேரத்தோடு கண்டால் குணமாக்க வழியுண்டு. அறிந்த மகன் வைத்தியரிடம் சென்று இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்பான். அறியாதவன் எதைக் கேட்பான்?

சொன்னால் பிள்ளைகள் மனங்கலங்குவார்களே என்பீர்கள். உண்மைதான். குறையிருந்தும் நோய் வராதோரும் உண்டு. ஆதலால் சோதிப்பதா, விடுவதா என்பதை வளர்ந்த பிள்ளையே தீர்மானிக்கட்டும். தீர்மானிக்கும் வாய்ப்பையே பறிப்பது அன்பாகாது.

வெட்கத்துக்கும் இடமில்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் யார் செய்த பாவம் என்று வினவியபோது, ஆண்டவர் அவன்மீதும் பழி சுமத்தவில்லை, பெற்றோர்மீதும் சுமத்தவில்லை.

மகளுக்கு வீடு வளவை எழுதிக் கொடுக்கிறோம். அந்தக் காணியில் ஈடு இருந்தால் சொல்லாமற் கொடுப்போமா? உடம்பில் உள்ளதையும் அவ்வாறே சொல்லிக் கொடுப்போம்.