பசியும் பண்பும்

"சோம்பேறி! சோற்றைத் தவிர வேறு நினைப்பே கிடையாது!" - வயிறு நிறைந்தவர், ஏழையின்மீது வீசும் வசை இது. பண்பு இல்லை, ஆதலால் பசித்துக் கிடக்கிறான் என்பது அவர்தம் வாதம். பசித்துக் கிடக்கிறான், ஆதலால் பண்பு குலைகிறது என்கிறோம் நாம். எது உண்மை?

1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு தொடங்கினார். போரினால் பட்டினியுற்றோரை மீட்கும் வழி காண்பதே நோக்கம். தாமாக முன்வந்தோருள் 36 இளைஞர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். யார் அவர்கள்? கொலை கூடாதென்று போர்முனை செல்ல மறுத்த கொள்கையாளர்கள்! உடல் நலமும் உள்ள நலமும் ஆராய்ந்து எடுக்கப்பட்டவர்கள்!

24 வாரம் அரைவயிற்று உணவு. எடையில் ஏறத்தாழக் கால் பங்கு கரைந்தது. உடலோடு நின்றதா தேய்வு? நகைச்சுவை மறைந்தது, நட்பு கசந்தது, காதல் நினைவும் அகன்றது. சமையல் நூல்களைப் படித்துச் சுவைத்தனர், தட்டை நக்கினர், கட்டுப்பாட்டை மீறிக் களவாக உண்டோரும் உண்டு. பின்னர் உணவு தாராளமாகக் கிடைத்தும், வயிறு நிறைய மனம் நிறையாமல் மாதக்கணக்கில் தவித்தனர்.

இன்னொன்றும் கேளுங்கள், தோழர்களே! மனம் ஒன்றவில்லை, சிந்திக்க இயலவில்லை என்று முறையிட்டனர் அவர்கள். தேர்வு வைத்துப் பார்த்தால், அறிவுத்திறன் குறையவில்லை! அறிவு இருந்தது, ஆளவிடவில்லை பசி!

"நாங்களும் விரதம் இருக்கிறோமே!" என்பர் பக்தர். விரதம் முடிந்தால் விருந்து காத்திருக்கும். வறுமைக்குப் பாரணை நாள் குறித்த பஞ்சாங்கம் எது? முடிவு நாள் தெரிந்திருந்த கொள்கையாளரையே பசி குலைத்ததென்றால், தலைமுறை தலைமுறையாய்ப் பசித்தவனிடம் "பொறுமை எங்கே? ஒழுக்கம் எங்கே?" என்று கேட்பது நீதியாகுமா?

கடைசி வரிசையில் தலை கவிழ்ந்திருக்கும் சிறுவனை மக்கு என்கிறோம். தலைவிதி என்கிறார் வைதிகர். காலையில் அவன் உண்டானா என்று கேட்டவர் எத்தனை பேர்? கேட்டவர்கள் செயலில் இறங்கினர். 1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. 2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கிற்று. இதை இலவசம் என்று எள்ளுவோர், பசியின் இலக்கணம் அறியாதவர். பிள்ளையின் அறிவைப் பூட்டி வைத்த பசியைத் திறக்கும் திறவுகோல் அது!

பசித்தவனுக்கு அறம் உரைப்பது அறமன்று; பசியைப் போக்குவதே அறம். முதலில் சோறு, பிறகு சொற்பொழிவு!